மொன்றியலில் நோராவின் தம்பி

என்ன அலுவலாக வந்தீர்கள் என்று மொன்றியல் விமான நிலையத்தில் கேட்டார்கள். அண்ணை வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்தான். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் சீருடை போட்ட ஒருவர் இருந்தாலே என் வாய்க்கும் மூளைக்கும் இருக்கும் தொடர்பு அறுந்துவிடும். "ஒரு கல்லறையைப் பற்றி விசாரிக்க வந்தேன்" என்றேன்.

"யாருடைய கல்லறை?"

"என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய தாயாரின் கல்லறை."

"அது மொன்றியலில் இருக்கிறதா?"

"இல்லை. அயர்லாந்தில்."

அந்த இளைஞர் என் கடவுச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அயர்லாந்துக் கடவுச்சீட்டு. அயர்லாந்தில் கிடக்கும் ஒருவரைத் தேடி அயர்லாந்திலிருந்து கனடாவுக்கு வந்திருக்கிறான் ஒரு கறுத்த மனிதன். அவர் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். சிரித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல், பெட்டி வரும் இடம்வரை யாராவது என் தோளைத் தொடுவார்கள் என்று பயந்துகொண்டே நடந்தேன். ஒருவரும் தொடவில்லை. என் பெட்டிதான் கடைசியாக வந்தது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதப் படிக்கத் தெரியும் என்பதைத் தவிரப் படிப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அந்தக் குசினியில் எனக்கு முன்னரே பல வருடங்களாக இருந்தவர் நோரா. வெள்ளைக்காரி, என்னைவிட மூத்தவர், உப்புக் கூடினால் கூரை பறக்கக் கத்துவார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதன் அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அவர் பேசும் இங்கிலீஷ் என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

நோரா அக்கா பிறந்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு வீட்டில். கலியாணம் ஆகாமல் பிள்ளை உண்டானவர்களை அயர்லாந்தில் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளில்தான் கொண்டுபோய் விட்டார்கள். பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். தாய் அங்கேயே துணி வெளுக்கும் கூடத்தில் வேலை செய்து, அங்கேயே செத்தும் போனார். இவ்வளவும் அரசாங்கத்தின் காகிதங்களில் இருந்து நோரா அக்காவுக்குக் கிடைத்துவிட்டது. கிடைக்காதது ஒன்றே ஒன்று. தாயை எங்கே புதைத்தார்கள் என்பது. மடத்துத் தோட்டத்தில் இருந்த கல்லறைகளைக் கிளறி வேறு வேறு சவக்காலைகளுக்குக் கொண்டுபோய்விட்டு நிலத்தை விற்றுவிட்டார்கள். இப்போது அங்கே பால்கனி வைத்த மாடி வீடுகள். யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்பது அந்தக் கன்னியாஸ்திரி சபையின் சொந்தக் காகிதங்களில் மட்டும்தான் இருக்கிறது. அயர்லாந்தில் அந்தச் சபைக்கு ஆள் குறைந்து, மடங்கள் ஒவ்வொன்றாக மூடிப்போக, காகிதங்களைப் பெட்டிகளில் அடைத்து மொன்றியலில் இருக்கும் தங்கள் பெரிய மடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் சூடும் ஈரமும் அளந்து காகிதங்களைப் பாதுகாக்கும் ஆவணக் காப்பகம் இருக்கிறதாம்.

நோரா அக்கா எழுதிக் கேட்டார். தபாலில் அனுப்ப மாட்டோம், தொலைபேசியில் சொல்ல மாட்டோம், நேரே வாருங்கள் அல்லது உங்கள் கையெழுத்தோடு ஒருவரை அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அவரால் விமானம் ஏற முடியாது. இதயம் சரியில்லை, தினமும் வீட்டுக்கு ஒரு தாதி வந்து பார்த்துவிட்டுப் போவார். அடுத்த கோடைக்கு ஒன்றும் திட்டம் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"எனக்குக் கதை ஒண்டும் வேண்டாம் அன்ரன்" என்றார் என்னிடம். "அவ எங்கை கிடக்கிறா எண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வா. பக்கத்திலை எனக்கும் ஒரு இடம் பாக்கவேணும். என்னை எங்கை வைக்கிறது எண்டு பாதிரியார் கேட்டபடி நிக்கிறார். நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

"நான் போறன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். மொன்றியலில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் ஜெயம் அண்ணை எத்தனையோ வருடமாக வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் துணிவில் சொன்னது. சொன்ன நேரத்திலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

அண்ணை இருப்பது மொன்றியலின் ஒரு பக்கமான லாசாலில். சிவப்புச் செங்கல் அடுக்குமாடி, வெளியே இரும்புப் படிக்கட்டு. படிக்கட்டை ஏன் வீட்டுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள், பனி உறைந்தால் சறுக்காதா என்று கேட்டேன். "சறுக்கும். போன வருசம் நான் சறுக்கினனான்" என்றார் அண்ணை பெருமையாக. யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். இப்போது ஓய்வில்லாத வேலை, அயலில் இருக்கும் தமிழருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பது.

அண்ணி புட்டும் நண்டுக் கறியும் வைத்திருந்தார். அயர்லாந்தில் என் வீட்டுக்குப் பக்கத்தில் கடல், ஆனால் அங்கே பிடிக்கும் நண்டெல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விடும். லாசாலில் கடல் இல்லை, நண்டு மட்டும் பனிக்கட்டியாக வந்து இறங்குகிறது. தட்டில் கிடந்த நண்டு என்னைவிட அதிகம் பயணம் செய்திருக்கும் என்று பட்டது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். கவலைக்கும் பசிக்கும் என் வயிற்றில் வேறு வேறு அறை.

சாப்பிட்டுக் கை கழுவ முதலே அண்ணை தொடங்கிவிட்டார்.

"உனக்கும் அந்த மனிசிக்கும் என்ன முறை எண்டு கேப்பினம். என்ன சொல்லுவாய்?"

"கூட வேலை செய்யிறனான் எண்டு."

"விசரே உனக்கு? கூட வேலை செய்யிறவனுக்கு ஆர் காகிதம் காட்டுவான்? தம்பி எண்டு போடு."

"அவ வெள்ளைக்காரி அண்ணை."

"வெள்ளைக்காரிக்குக் கறுத்தத் தம்பி இருக்கக் கூடாது எண்டு சட்டம் இருக்கே? கனடாவிலை அப்பிடிக் கேட்டா அது இனவாதம். கேக்கவே மாட்டினம்."

குசினிக்குள் இருந்து அண்ணியின் குரல் வந்தது. "இவர் எழுதின கேசிலை எத்தினை வெண்டது எண்டு கேளும் தம்பி."

"நீர் சும்மா இரும். உம்மை இஞ்சை கூப்பிட்ட ஸ்பொன்சர் படிவம் ஆர் எழுதினது?"

"அதைத்தான் நானும் ஒவ்வொரு பனிக்காலமும் யோசிக்கிறனான்."

அண்ணை அதைக் கேட்காததுபோல என் பக்கம் குனிந்தார். "இன்னொண்டு. ஒருக்கா எழுதினதை மாத்தாதை. பிழையெண்டாலும் அதிலையே நில். மாத்தினாய் எண்டாச் சரி, முடிஞ்சுது."

அண்ணை இதைச் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. எங்களில் யாருக்கும் வராது. அகதி வழக்கு என்று ஓர் அறையில் உட்கார்ந்து எழும்பியவர்களுக்கு அது தெரியும். சித்தப்பா மகனைச் சொந்தத் தம்பி என்று போட்டவர்கள் எங்களில் எத்தனையோ பேர். போட்டு, அப்படியே நின்று, வென்றும் இருக்கிறார்கள். என்னுடைய விசாரணையில், ஊரில் என்னைப் பிடித்துக்கொண்டுபோன மாதத்தை நான் பிழையாகச் சொல்லிவிட்டுப் பிறகு, "இல்லை ஐயா, அதற்கு அடுத்த மாதம்" என்று திருத்தினேன். உண்மையைத்தான் சொன்னேன். எதிரில் இருந்தவர் பேனாவை எடுத்து ஏதோ குறித்தார். அந்தத் திருத்தத்துக்காக நிராகரித்தார்கள். அதற்கு மேல்முறையீடு போட்டு, நான் மனிதனாக நடமாடப் பல வருடங்கள் பிடித்தன.

திங்கட்கிழமை காலையில் மடத்துக்குப் போனேன். அண்ணை காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். ஆனால் லாசாலில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோட்டில் செம்மஞ்சள் கூம்புகள்தான். எங்கள் அயர்லாந்து ஊரில் ரோட்டைக் கிண்டினால் ஞாயிறு பூசையில் பாதிரியார் அறிவிப்பார். இங்கே கிண்டாத ரோட்டை அறிவிப்பது சுலபம். ஆகவே மெட்ரோவில் ஏற்றிவிட்டார்.

வழியில் ரயில் நின்றது. பிரெஞ்சில் ஏதோ சொன்னார்கள். எல்லோரும் எழுந்து, சலிப்போடு, ஆனால் அவசரமில்லாமல் இறங்கினார்கள். நான் எழும்பவில்லை. என் இடம் வரவில்லையே. விளக்கு அணைந்தது. முழுப் பெட்டியிலும் நான் மட்டும் மடியில் பையோடு இருந்தேன். வெளியே ஒரு கறுப்பினப் பெண்மணி, கையில் சந்தைக் கூடை, கண்ணாடியில் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டார். இறங்கியதும் என் கையைப் பிடித்துப் பக்கத்துத் தளமேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இந்த ரயில் தூங்கப் போகிறது, அப்பா. நீயுமா தூங்கப் போகிறாய்?" என்று இங்கிலீஷில் கேட்டார். மெர்சி, அதாவது நன்றி, என்றேன். நான் அங்கே தெரிந்து வைத்திருந்த ஒரே சொல். நாள் முழுவதும் அதைத்தான் சொன்னேன்.

மடம் செயின்ட்-மிஷேல் பக்கம். பெரிய சாம்பல் கல் கட்டடம், யன்னல்களில் முக்கால்வாசி இருட்டு. கீழ்த் தளத்தைக் குழந்தைகள் காப்பகத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். கார்தெரி என்று பலகை. கீழே குழந்தைகளின் கூச்சல், மேலே தள்ளி நடக்கும் சட்டகங்களைப் பிடித்தபடி நகரும் வயதான சிஸ்டர்மார். மின்தூக்கியில் என்னோடு ஏறிய ஒரு சிஸ்டர் நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். அயர்லாந்து என்றதும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் அங்கே பிறந்தவராம், இளம் பெண்ணாக இங்கே வந்தவராம்.

"அங்கே மழையா?"

"மழைதான் சிஸ்டர்."

"நல்லது" என்றார். எதற்கு நல்லது என்று சொல்லவில்லை. தன் மாடியில் இறங்கிப் போய்விட்டார்.

ஆவணக் காப்பகம் கடைசி மாடியில். பொறுப்பாளர் பெயர் எலோடி. கன்னியாஸ்திரி அல்ல, சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்மணி. நாற்பது வயதிருக்கும், ஓடுவதற்குப் போடும் சப்பாத்து, கழுத்தில் கண்ணாடி. பொன்ஜூர் என்றார். என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து உடனே ஹலோ என்று மாற்றினார். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான், முகத்தைப் பார்த்து மொழியை மாற்றுகிறார்கள். என் பேனாவை வாங்கி ஒரு பக்கம் வைத்தார். பழைய காகிதங்கள் இருக்கும் அறைக்குள் மை வரக்கூடாதாம். ஒரு பென்சில் தந்தார், மறுமுனையில் இளஞ்சிவப்பு அழிறப்பர் வைத்தது. ஒரு தாளும் தந்தார்.

பெயர், விலாசம், யாருக்காக வந்தீர்கள். அதற்குக் கீழே, அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு.

நான் அந்தக் கோட்டில் நெடுநேரம் நின்றேன். நண்பன் என்று எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். இவ்வளவு தூரம் வந்து, வெறும் நண்பனா, போய்வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். நோரா அக்கா குசினி வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பார். தம்பி என்று எழுதினேன்.

எலோடி வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அண்ணை சொன்னது சரி. ஒன்றும் கேட்கவில்லை. "பெட்டியைத் தேடி எடுக்க வேண்டும். வியாழக்கிழமை வாருங்கள்" என்றார்.

படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம். நோரா அக்காவுக்குத் தகவல் அனுப்பினேன், வியாழக்கிழமை என்று. அவர் ஒரு பெருவிரலைப் பதிலாக அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை அண்ணிக்குக் கோயில் நாள். அண்ணி சைவக்காரி. என்னையும் காரில் போட்டுக்கொண்டு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போனார்கள். அந்தப் பக்கத்தில் வீடுகள் எல்லாம் புல்தரையோடு தனித்தனியாக, ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவைபோல நிற்கின்றன. நான் வேதக்காரன், கிறிஸ்தவன், என்றாலும் நின்று கும்பிட்டேன். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்றுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் சென்னைக்காரர், மற்றவர் எங்களவர்.

"வின்டர் டயர் மாத்திட்டீங்களா சார்?"

"இன்னும் இல்லை. பனி கொட்டட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"கொட்டினப்புறம் போனா கராஜ் வாசல்ல பொங்கல் வச்சுச் சாப்பிட்டுக் காத்திருக்கணும் சார்."

"அப்ப இந்தப் பொங்கலிலை கொஞ்சம் கட்டிக்கொண்டு போவம்."

எல்லோரும் சிரித்தார்கள். வரப்போகும் பனிக்கு இப்போதே டயர் பார்க்கிறார்கள் இந்த மனிதர்கள் என்று நினைத்தேன். நானோ வராத பனிக்கெல்லாம் நடுங்கிப் பழகி, வருகிற பனியன்று செருப்போடு நிற்பவன்.

அண்ணி மெதுவாகச் சொன்னார். "தம்பி, இவரின்ரை கதையைக் கேளாதையும். அங்கை இருக்கிறது ஒரு பொம்பிளைதானே. போய் உள்ளதைச் சொல்லிவிடும். பொம்பிளையளுக்கு விளங்கும்."

"எழுதிக் குடுத்திட்டன் அண்ணி."

"எழுதினா என்ன? கல்லிலையே வெட்டினீர்?"

அண்ணி சொன்னதும் சரி என்று பட்டது. திரும்பி வரும்போது அண்ணை ஒரு கடையில் நிறுத்திப் பூட்டீன் வாங்கித் தந்தார். பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பாற்கட்டியைப் போட்டுக் கொதிக்கிற குழம்பை ஊற்றிவிடுகிறார்கள். மொறுமொறுப்பாகப் பொரித்ததை ஏன் திரும்ப நனைக்க வேண்டும் என்று தெரியவில்லை. அண்ணை ரசித்துச் சாப்பிட்டபடி, "அண்ணி சொன்னவ எண்டு போய் மாத்திப்போடாதை" என்றார். கூடத்தில் நாங்கள் கதைத்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. அவர் சொன்னதும் சரி என்று பட்டது. என் சீத்துவம் அதுதான், கடைசியாகக் கதைத்தவர் எப்போதும் சரி.

வியாழக்கிழமை ரயில் தூங்கவில்லை. நேரத்துக்கே போய்விட்டேன். எலோடி என்னை வாசிக்கும் அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். மேசையில் ஒரு கோப்பு. சாம்பல் நிற அட்டை, வெள்ளைப் பருத்தி நாடாவால் கட்டியது. ஒட்டிய துண்டில் நோரா அக்காவுடைய தாயின் பெயர். அதன்மேல் எலோடி இரண்டு கைகளையும் வைத்திருந்தார். எனக்கும் அதற்கும் ஒரு முழத் தூரம். நான் என் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன், தெரியாமல் நீண்டுவிடுமோ என்று.

"திறக்க முன் ஒரு விஷயம்" என்றார். திங்கட்கிழமை நான் எழுதிய தாளை என் முன்னால் வைத்தார். "இதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். திருத்த வேண்டியது ஏதாவது இருந்தால் இப்போது திருத்தலாம்." பென்சிலைத் தாளின்மேல் வைத்து என் பக்கம் தள்ளினார். அழிறப்பர் முனை என்னைப் பார்க்க.

ஒரு மனிதருக்கு அதற்குமேல் கதவைத் திறந்து காட்ட முடியாது. இப்போது எழுதும்போது அது எனக்குப் பட்டப்பகல்போலத் தெரிகிறது. அந்த நேரத்தில் நான் பார்த்தது அந்த அறையை அல்ல. வேறொரு மேசை, வேறொரு தாள், திருத்த ஏதும் உண்டா என்று கேட்டு, திருத்தியதும் பேனாவைக் கையில் எடுத்த இன்னொருவர். அண்ணையின் குரல் காதுக்குள் கேட்டது. அதிலையே நில்.

"இல்லை" என்றேன். "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது."

"உறுதியாகத்தானா, மெஸ்ஸியூ? கொஞ்சம் யோசியுங்கள். அவசரமில்லை."

"ஓம். அவர் என் அக்கா."

எலோடி கண்ணாடியைக் கழற்றினார். "நேற்று நான் நோராவோடு தொலைபேசியில் பேசினேன். உயிரோடு சகோதரர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன். தனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை என்றார்."

அதன்பிறகு நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன். எங்கள் பாஷையில் மூத்த பெண்ணை அக்கா என்போம் என்று, அண்ணை சொன்னார் என்று, பயத்தில் எழுதினேன் என்று, குசினி என்று, இதயம் என்று. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒழுங்கு தவறி விழுந்தது. எலோடி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நண்பன் என்று எழுதியிருந்தால் போதும்" என்றார். "நோராவின் கையெழுத்து இருக்கிறது. அவர் யாரை வேண்டுமானாலும் அனுப்பலாம். இந்தக் கேள்வி எங்கள் பதிவுக்காக மட்டும்தான்."

போதும் என்றார். அந்தச் சொல் என்னை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைத்தது. உண்மை போதுமாக இருக்கும் ஓர் அறைக்குள் நான் என் வாழ்க்கையில் அதுவரை போனதில்லை. எப்படித் தெரியும் எனக்கு?

"இப்போது அழித்து எழுதிவிடட்டுமா?"

"நான் கேட்டபோது முடிந்திருக்கும். இப்போது முடியாது." அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். சொந்தக்காரர் என்று பொய் சொல்லி வந்து மற்றவர்களுடைய தாய்மாரின் கதைகளை எடுத்துப்போய் விற்றவர்கள் இருக்கிறார்களாம். அதற்குப் பிறகு போட்ட விதி, பொய்யான உறவு சொன்னால் அந்தக் கோரிக்கை அங்கேயே நிற்கும், சபையின் ஆலோசனைக் குழுதான் முடிவு செய்ய வேண்டும், நோரா நேரே கேட்டாலும் அந்த முடிவு வரும்வரை கோப்பு திறக்காது. குழு கூடுவது வசந்தத்தில்.

"வசந்தத்தில் அவர் இருப்பாரோ தெரியாது, மேடம்."

"எனக்கு விளங்குகிறது."

"நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஊரின் பெயர் மட்டும். ஒரு சொல். நான் எழுதக்கூட மாட்டேன்."

எலோடியின் கை நாடாவின் முடிச்சில் இருந்தது. ஒரு கணம் அவிழ்க்கப் போகிறார் என்றே நினைத்தேன். "கேட்காதீர்கள்" என்றார். "தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். இந்தக் காகிதங்கள் என்னுடையவை அல்ல." எழுந்து, கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, இலக்கம் அழுத்தித் திறக்கும் கதவுக்குள் போனார். கதவு சத்தமில்லாமல் மூடியது. நல்ல கதவு.

கீழே காப்பகத்துக் குழந்தைகளை வெளியே கூட்டிப்போனார்கள். ஒரு நீளக் கயிறு, அதில் கைக்கொரு வளையம், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு குழந்தை. நான் அவர்கள் போய் முடியும்வரை சுவரோடு ஒட்டி நின்றேன். மழை தூறியது. எங்கே போவதென்று தெரியாமல் மூலையில் இருந்த சின்னக் கடைக்குள், அதை இங்கே தெப்பனோர் என்கிறார்கள், நுழைந்து ஒரு கோப்பி வாங்கினேன். குடிக்க அல்ல, அங்கே நிற்க ஒரு காரணம் வேண்டுமே. அணைத்து வைத்திருந்த தொலைபேசியைத் திறந்ததும் அடித்தது. நோரா அக்கா.

"அன்ரன், போனனியோ? முடிஞ்சுதோ? சொல்லு!"

"அக்கா..."

"பொறு, நான் முதல் சொல்லுறன். அந்தப் பிரெஞ்சுப் பொம்பிளை நேற்று எனக்குப் போன் எடுத்தவ. சகோதரங்கள் உயிரோடை இருக்கினமோ எண்டு கேட்டா. நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். வைச்சாப் பிறகுதான் யோசிச்சன், ஏன் கேக்கிறா? ஒண்டும் இல்லாமக் கேப்பாளே? பைலிலை இருந்திருக்கு, அன்ரன். அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை இருந்திருக்கு. எனக்குத் தம்பி இருக்கிறானோ?"

அவருடைய குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. அது குசினியில் கத்தும் குரல் அல்ல. ஒரு சின்னப் பிள்ளை படி ஏறி ஓடி வந்த குரல்.

"இரவு முழுக்க முழிச்சிருந்தன். ஒரு பேர் கூட யோசிச்சு வைச்சிட்டன். சொன்னாச் சிரிப்பாய்."

"அக்கா, அது நான்."

"எது நீ?"

"உறவு கேட்டவை. காட்ட மாட்டினம் எண்டு பயந்து தம்பி எண்டு எழுதினனான். அதுதான் உங்களிட்டைக் கேட்டிருக்கிறா."

மறுபக்கத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ காலநிலை வாசித்தார்கள். நான் மிச்சத்தையும் சொன்னேன், பொய் பிடிபட்டது, கோப்பை உள்ளே கொண்டுபோனது, வசந்தம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அப்ப தம்பி ஒருத்தரும் இல்லை" என்றார் கடைசியில்.

"இல்லை அக்கா."

"அம்மா எங்கை எண்டதும் தெரியாது."

"தெரியாது."

ஏசுவார் என்று காத்திருந்தேன். உப்புக்கு ஏசியதில் பாதியாவது ஏசியிருக்கலாம். அவர் ஏசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, ஏறுவதும் இறங்குவதும் ஒழுங்கில்லாத அந்த மூச்சு.

"பைலைக் கண்ணாலை கண்டனியோ?"

"கண்டனான். மேசையிலை முன்னுக்கு இருந்தது."

"எவ்வளவு தடிப்பு?"

அவரால் பார்க்க முடியாது என்பதை மறந்து, கடைக்காரருக்கு முன்னால் கையைத் தூக்கி விரல்களைச் சேர்த்துக் காட்டினேன். "ரெண்டு விரல் தடிப்பு இருக்கும் அக்கா."

"ரெண்டு விரலோ." தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "அவ்வளவு இருக்கே? ஒரு துண்டுக் காகிதம் எண்டல்லோ நான் நினைச்சிருந்தனான்." பிறகு, தாதி வந்துவிட்டாள் என்று சொல்லி வைத்துவிட்டார். தாதி வரும் நேரம் அதுவல்ல.

மெட்ரோவில் இடம் கிடைத்தது. எதிரில் ஒரு தகப்பனும் மகளும் பிரெஞ்சில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணையின் அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை. இரண்டு விரலையும் முழங்காலில் வைத்துப் பார்த்தேன். அட்டை கெட்டியான அட்டை. மேலே ஒன்று, கீழே ஒன்று. நாடாவும் சுற்றியிருந்தது, பழைய காகிதம் காற்றுப் பிடித்து ஊதியும் இருக்கும். அதையெல்லாம் கழித்துச் சொன்னேனா, சேர்த்துச் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. உள்ளே ஒரு விரல்தான் இருந்ததோ, அரை விரலோ, அவர் நினைத்திருந்த ஒரு துண்டுக் காகிதம் மட்டும்தானோ. நோரா அக்காவைத் திரும்ப அழைத்துத் திருத்திச் சொல்வதா வேண்டாமா என்று தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே கடைசி நிறுத்தம்வரை வந்தேன்.